இயற்கையின் பெயரால்: யப்பானியப் ‘பசுமை நாள்’ பற்றிய ஒரு விமர்சன நோக்கு

யப்பானிய நாட்காட்டியில் ஏப்பிரல் 29ஆந் திகதி, ஒரு நூற்றாண்டுக்குள் நான்கு பெயர்களைத் தாங்கியுள்ளது. 1927 முதல் 1948 வரை அது ‘தென்ச்சோசெத்சு’ என்னும் அரண்மனைத் திருநாள். பேரரசர் ஹிரோஹித்தோ 1901இல் பிறந்த நாள். 1949 முதல் 1988 வரை, திருநாள் என்னும் ஒளிவட்டம் நீங்கி, ‘பேரரசர் பிறந்தநாள்’ என வாளா அழைக்கப்பட்டது. 1989இல் ‘மிதோரி நோ ஹி’, அதாவது பசுமை நாள், ஆயிற்று. 2007இல் அப்பெயரும் அகற்றப்பட்டு, அப்பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரால் ‘ஷோவா நாள்’ எனப்பட்டது. பசுமை நாள் ஒழிந்துவிடவில்லை. அது ஐந்து நாட்கள் தள்ளிச் சென்று மே 4ஆந் திகதியிற் குடியேறிற்று.

இவற்றை நிருவாகச் செய்திகள் எனக் கடந்து செல்லுதல் எளிது. ஆயினும், ஒரு செய்யுளில் ஒரு சொல்லிருந்த இடத்தில் மற்றொரு சொல் ஏன் வந்தது என வினவிப் பழகியோர்க்கு அவ்வாறு செல்லுதல் கூடவில்லை. பேரரசர் என்ற சொல் இருந்த இடத்தில் பசுமை என்ற சொல்லை வைக்க முடிந்தது எவ்வாறு? வேறெச் சொல்லையும் விட இயற்கையைச் சுட்டும் சொல்லே அங்கு பொருந்தியதேன்? இக்கட்டுரை இவ்வினாக்களையே முதன்மைப்படுத்துகின்றது. விடுமுறைச் சட்டத்தின் வாசகத்தையும் ஓர் இலக்கியப் பனுவலைப் போன்று படிக்கலாம் என்பது இதன் எடுகோள்.

யப்பானின் பொது விடுமுறைகள் 1948 யூலையில் இயற்றப்பட்ட தேசிய விடுமுறைகள் பற்றிய சட்டத்தால் வரையறுக்கப்படுவன. போரில் தோல்வியுற்ற அந்நாடு அப்போது நேச நாட்டுப் படைகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பழைய நாட்காட்டியின் திருநாட்கள் பெரும்பாலும் பேரரசரை நடுவணாகக் கொண்டவை. அரச சடங்குகளோடும் ஷிந்தோ ஆலய வழிபாட்டோடும் பிணைந்தவை. அவற்றை அவ்வாறே வைத்திருக்கவும் இயலாது. மக்கள் பழகிப்போன நாட்களை முற்றாகத் துடைத்தெறியவும் மனமில்லை. சட்டம் ஆக்கியோர் ஓர் இடைவழியைக் கண்டனர். நாட்களைப் பெரிதும் இருந்த இடத்திலேயே வைத்துப் பெயர்களையும் பொருளையும் மாற்றினர். மெய்ஜிப் பேரரசரின் பிறந்தநாளான நவம்பர் 3 பண்பாட்டு நாளாயிற்று. பேரரசர் புதுநெல்லைத் தெய்வங்களுக்குப் படைக்கும் நவம்பர் 23, உழைப்புக்கு நன்றி கூறும் நாளாயிற்று. இளவேனிற் சமவிரா நாளில் அரண்மனையில் நிகழ்ந்துவந்த முன்னைய பேரரசர்களின் ஆவிகளுக்கான வழிபாடு அரச குடும்பத்தின் தனிச்சடங்காக ஒதுங்க, அந்நாள் பொதுமக்களுக்கு இயற்கையைப் போற்றும் நாளாக வழங்கப்பட்டது. நாடு தோன்றிய புராண நாளாகிய பெப்ரவரி 11க்கு மட்டும் அன்று இடமளிக்கப்படவில்லை. 1966ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அதுவும் மீண்டு வந்தது.

எனவே ‘இயற்கை’ என்ற சொல் விடுமுறைச் சட்டத்தினுள் நுழைந்தபோதே ஓர் அரச சடங்கின் இருக்கையில் அமர்ந்தே நுழைந்தது. 1989இல் நிகழ்ந்தது புதிதன்று. நாற்பதாண்டுகளுக்கு முன் கற்றுக்கொண்ட ஒரு வித்தையின் இரண்டாம் அரங்கேற்றம். மூன்றாவதும் உண்டு. 1996இலிருந்து கொண்டாடப்படும் கடல் நாள், மெய்ஜிப் பேரரசர் 1876இல் கடற்பயணம் முடித்து யொக்கொஹாமாத் துறைக்குத் திரும்பிய யூலை 20ஐயே முதலிற் தன் நாளாகக் கொண்டிருந்தது. 2016இல் முதன்முறை கொண்டாடப்பட்ட மலை நாளே (ஓகஸ்ட் 11) இவ்வரிசையில் அரச கதை எதுவும் இன்றிப் பிறந்தது. அந்நாளுக்குச் சுட்டத்தக்க வரலாற்றுக் காரணம் எதுவும் இல்லை என்று குறைகூறுவோர் உளர். அதுவே அதன் சிறப்பு என்பது என் எண்ணம்.

இனி வாசகத்துக்கு வருவோம். சட்டம் ஒவ்வொரு விடுமுறையின் நோக்கத்தையும் ஒரே வாக்கியத்திற் கூறுகின்றது. 1948இன் சமவிரா நாள் வாக்கியம் மிகக் குறியது. இயற்கையைப் போற்றுதல், உயிர்கள்பாற் பரிவு கொள்ளுதல் என்னும் இரண்டே வினைகளை அது கொண்டது. பசுமை நாளின் வாக்கியம் சற்று நீண்டது. இயற்கையோடு நெருங்கிப் பழகுதல், அது தரும் நற்பயன்களுக்கு நன்றி பாராட்டுதல், அதன் வழியே வளமான மனத்தைப் பேணி வளர்த்தல் என மூன்று வினைகள் அதிலுள. கடல் நாள் வாக்கியம் கடலின் நற்பயன்களுக்கு நன்றி கூறிக் கடல்சூழ் நாடாகிய யப்பானின் செழிப்பை வேண்டுகின்றது. மலை நாளும் மலையின் நற்பயன்களுக்கு நன்றி கூறுவதே.

இவ்வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது ஒரு நகர்வு புலனாகின்றது. முதல் வாக்கியத்தில் வினையின் இலக்கு மனிதனுக்கு வெளியே இருக்கின்றது. பரிவு கொள்ளப்படுவது மற்றோர் உயிர். பசுமை நாள் வாக்கியத்திலோ இயற்கை தொடக்கத்தில் மட்டுமே உளது. முடிவில் இருப்பது மனித மனம். இயற்கை அம்மனத்துக்கு உரமாக இடப்படுகின்றது. பின்வந்த வாக்கியங்களில் ‘நற்பயன்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. பயன் தருவது எதுவோ அதற்கே நன்றி. பயன் தராத பூச்சிக்கும் சேற்றுக்கும் என்ன கூறுவது? நன்றி கூறுபவன் கடன் தீர்ந்தவனாகின்றான்; பரிவு கொள்பவனுக்கோ அடுத்த நாளும் பொறுப்பு உண்டு. 1948இன் சட்டம் பசியிலும் இடிபாட்டிலும் எழுதப்பட்டது. 1989இன் வாக்கியம் செல்வத்தின் உச்சியில் எழுதப்பட்டது. வறுமைக்காலத்து வாக்கியம் உயிர்களை நினைத்தது, செல்வக்காலத்து வாக்கியம் தன் மனத்தை நினைத்தது என்பது வெறும் தற்செயல் எனக் கொள்ள இயலவில்லை.

1989 ஜனவரி 7இல் ஹிரோஹித்தோ மறைந்தார். புதிய பேரரசரின் பிறந்தநாள் டிசெம்பரில். ஆகவே ஏப்பிரல் 29 விடுமுறை நாளாயிருத்தற்குரிய காரணம் அற்றுப்போயிற்று. எனினும் ஏப்பிரல் இறுதி முதல் மே 5 வரை விடுமுறைகள் நெருங்கி வரும் ‘பொன் வாரம்’ அதற்குள் மக்கள் வாழ்விலும் வணிகத்திலும் வேரூன்றிவிட்டது. நாளை நீக்க எவரும் விரும்பவில்லை. மறைந்த பேரரசர் தாவரங்களில் ஈடுபாடு மிக்கவர் என்பது நினைவுக்கு வந்தது. அவர் பெயரைச் சொல்லாமலே அவரைச் சொல்லும் பெயர் கிடைத்துவிட்டது. அப்பெயர் எழுதப்படும் முறையும் கவனிக்கத்தக்கது. பசுமையைக் குறிக்கும் சீன எழுத்து இருக்கவும், சட்டத்தில் ‘மிதோரி’ என்பது சிறுவர் முதலிற் கற்கும் ஹிரகானா எழுத்திலேயே எழுதப்பட்டுள்ளது. மென்மையும் எளிமையும் தோன்றும் எழுத்து. ஆட்சிக்காலப் பெயர்கள் அவ்வாறு எழுதப்படுவதில்லை.

பேரரசரின் இயற்கை ஈடுபாடு பொய்யன்று. ஐதரோசோவாக்கள் எனப்படும் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி அவர் செய்த ஆய்வுகள் நூல்களாக வெளிவந்துள்ளன. அன்றியும், அரசும் பருவமும் யப்பானிய இலக்கியத்தில் மிகப் பழைய உறவினர். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச ஆணையால் தொகுக்கப்பட்ட ‘கோகின்ஷூ’ என்னும் கவிதைத் தொகை, தன் முதல் ஆறு பகுதிகளையும் பருவங்களுக்கே ஒதுக்கியது; அடுத்த ஐந்து நூற்றாண்டுகளில் அரச ஆணையால் எழுந்த தொகைகள் அம்முறையையே பின்பற்றின. அத்தொகைகளிற் காணப்படும் இயற்கை, உழவனும் விறகுவெட்டியும் கண்ட இயற்கையன்று. தலைநகரத்துப் பூங்காவிலும் மடிப்புத்திரை ஓவியத்திலும் அமைக்கப்பட்ட இயற்கை. ஹருவோ ஷிரானே என்னும் ஆய்வாளர் இதனை ‘இரண்டாம் நிலை இயற்கை’ என வழங்குவர். இதனை ஏற்றுக்கொண்டால், யப்பானியர் ‘இயல்பாகவே’ இயற்கையை நேசிப்பவர் என்று எமது பத்திரிகைகளும் எழுதிவரும் புகழுரையை நாம் சற்று நிதானித்தே பயன்படுத்த வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. 1929 யூன் 1ஆந் திகதி, பேரரசர் வக்காயாமாப் பகுதியிலுள்ள தனபே குடாவுக்கு வந்தார். அங்கே வாழ்ந்த மினகாத்தா குமகுசு என்னும் அறிஞர், கஷிமா என்ற சிறு தீவில் அவரை எதிர்கொண்டார். பின்னர் ‘நாகத்தோ’ என்னும் போர்க்கப்பலில் அவருக்குச் சளியப் பூஞ்சணங்கள் முதலிய உயிர்கள் பற்றி விரிவுரை செய்தார். அவர் பேரரசருக்கு அளித்த மாதிரிகள், கரமெல் இனிப்பு அடைத்துவரும் காகிதப் பெட்டிகளில் இடப்பட்டிருந்தன. பட்டுத்துணி சுற்றிய பேழையை எதிர்பார்த்திருந்த அரண்மனைப் பணியாளருக்கு அது வியப்பளித்திருக்கும். ஹிரோஹித்தோ இதனை மறக்கவில்லை. 1962இல் அப்பக்கம் மீண்டும் சென்றபோது, கஷிமாவைத் தொலைவிலிருந்து கண்டு மினகாத்தாவை நினைந்து ஒரு கவிதை பாடினார். இரு இயற்கை அன்பர்களின் சந்திப்பு என்ற அளவில் இக்கதை இனிமையாகவே சொல்லப்பட்டு வருகின்றது.

ஆனால் அத்தீவின் மரங்கள் 1929இல் அங்கே நின்றதெப்படி? 1906இலிருந்து அரசு, சிற்றூர்களின் ஆலயங்களைப் பெருவாரியாக ஒன்றிணைக்கும் கொள்கையை நடைமுறைப்படுத்திற்று. ஊர்தோறும் தனித்தனி ஆலயம் இருந்தால் அரச ஷிந்தோவின் கட்டுக்கோப்பு நிலைக்காது என்பதும், சிறு ஆலயங்களைப் பேணச் செலவாகின்றது என்பதும் கூறப்பட்ட காரணங்கள். ஏறத்தாழ 70,000 ஆலயங்கள் மறைந்தன. ஆலயம் மறைந்த இடங்களில் அதைச் சூழ்ந்திருந்த காவற்காடுகள் வெட்டி விற்கப்பட்டன. மியேயும் வக்காயாமாவும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகள். மினகாத்தா இதனை எதிர்த்து எழுதினார், அதிகாரிகளைத் தூற்றினார், 1910இல் ஒரு கூட்டத்துள் அத்துமீறிப் புகுந்தமைக்காகச் சிறையில் 18 நாட்கள் இருந்தார். 1911இல் வக்காயாமா ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் ‘சூழலியல்’ என்ற மேனாட்டுச் சொல்லையே அவர் பயன்படுத்தியுள்ளார். அவருடைய வாதத்தின் வலிமை, காடு வேறு, ஊர் வேறு என அவர் பிரிக்காமையிற்றான் உளது. காடு வெட்டப்பட்டால் பூஞ்சணமும் பறவையும் அழியும். அத்தோடு ஊரவர் கூடும் இடமும், அவர்தம் திருவிழாவும், ஒருவரை ஒருவர் அறிந்திருக்கும் உறவும் அழியும் என்றார். இங்கே இயற்கை மனத்தை வளமாக்கும் மருந்தன்று. அது நிலம், உரிமை, வழிபாடு, அதிகாரம் யாவும் மோதும் களம்.

அக்கொள்கை பேரரசரின் பெயராலேயே நடைமுறைக்கு வந்தது. அதே அரியணைக்கு உரியவர் பின்னொரு நாள் காப்பாற்றப்பட்ட தீவொன்றிற்கு வந்து பூஞ்சணம் பார்த்தார். விரிவுரை கேட்கப் போர்க்கப்பலில் அமர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அவருடைய படை மஞ்சூரியாவிற் புகுந்தது. ‘பசுமை நாள்’ என்ற பெயர் இக்கதையிலிருந்து கரமெல் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டது. மறந்துபோனது கப்பல்.

இவ்வாறாயின் 2007இல் ‘ஷோவா நாள்’ எனப் பெயர் மாற்றியது நேர்மையான செயலா என ஒருவர் கேட்கலாம். அம்மாற்றம் எளிதில் நிகழவில்லை. 2000ஆம் ஆண்டில் மசோதா கொண்டுவரப்பட்டபோது, பிரதமர் மோரி யொஷிரோ யப்பானைப் பேரரசரை நடுவாகக் கொண்ட தெய்வ நாடு எனப் பேசியதால் எழுந்த எதிர்ப்பினிடையே அது கைவிடப்பட்டது. 2003இலும் நிறைவேறவில்லை, 2005இலேயே நிறைவேறிற்று. எதிர்த்தோர் கொண்ட அச்சம் நியாயமானது. போரின் பெயரால் அறியப்படும் ஓர் ஆட்சிக்காலத்தை விடுமுறையாக்குவது, அக்காலத்தை மெல்லப் புனிதப்படுத்தும் முயற்சியே. ஆயினும் அவர்களுட் சிலர் பசுமை நாள் என்ற பெயரை மாசற்றதாகக் கருதி அதற்காக வாதாடியமை எனக்கு உடன்பாடன்று. ஷோவா என்ற பெயரோடு ஒருவன் சண்டையிட முடியும். எந்த ஷோவா, யாருடைய ஷோவா எனக் கேட்க முடியும். பசுமையோடு யார் சண்டையிடுவது?

புதிய வாக்கியமும் முழு நேர்மையுடையதன்று. கொந்தளிப்பான நாட்களைக் கடந்து மீளெழுச்சி கண்ட காலம் என ஷோவாவை அது விவரிக்கின்றது. கொந்தளிப்பு! கடல் கொந்தளிக்கும், அதற்குக் குற்றவாளி இல்லை. இயற்கையின் பெயர் நீக்கப்பட்ட இடத்திலும், வரலாறு புயலைப் போலவே சொல்லப்படுகின்றது.

பசுமை நாள் குடிபுகுந்த மே 4இன் கதை சிறிது வேடிக்கையானது. இரு விடுமுறைகளுக்கு நடுவே அகப்பட்ட நாளும் விடுமுறையாகும் என்று 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. அதனால் அரசியலமைப்பு நாளாகிய மே 3க்கும் சிறுவர் நாளாகிய மே 5க்கும் இடைப்பட்ட அந்நாள், இருபதாண்டுகளுக்கு மேல் பெயரற்ற விடுமுறையாக இருந்தது. பெயரற்ற நாளுக்கு, நாளிழந்த பெயர் வந்து சேர்ந்தது. ஹைக்கூப் பாவலர்க்கு இது சிறு இடரை விளைத்தது. ‘மிதோரி நோ ஹி’ அதற்குள் பருவச்சொல் அகராதிகளில் இளவேனிற் சொல்லாக இடம்பெற்றிருந்தது. 1990களில் அச்சொல்லை வைத்து எழுதப்பட்ட கவிதை ஏப்பிரல் 29ஐக் குறிப்பது. இன்றைய வாசகன் மே 4ஐ எண்ணியே அதைப் படிப்பான். பழைய நாட்காட்டிக் கணக்கிற் கோடை மே 5 அல்லது 6இல் தொடங்குவதால், சொல் இளவேனிலின் கடைசி விளிம்பில் எப்படியோ தப்பிப் பிழைத்தது. ஆனால் பழைய கவிதையில் மறைமுகமாக நின்ற பேரரசர் இப்போது அங்கே இல்லை. ஒரு பாராளுமன்றத் திருத்தம், அச்சான கவிதையின் பொருளைப் பின்னோக்கிச் சென்று மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

மக்கள் அந்நாளில் என்ன செய்கின்றனர் என்பதையும் கூறாமல் விடுதல் நீதியன்று. ரோக்கியோவின் ஷிஞ்சுக்குப் பூந்தோட்டம் அன்று கட்டணமின்றித் திறக்கப்படுகின்றது. உவெனோ விலங்குச்சாலையும் அவ்வாறே. ஷிஞ்சுக்குத் தோட்டம் ஒருகால் அரச குடும்பத்துக்கு உரியது. 1949இலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குழந்தையை அழைத்துக்கொண்டு அங்கே புல்லில் அமர்ந்து சோற்றுப்பொதி அவிழ்க்கும் தொழிலாளியிடம் சென்று, உன் பசுமை ஒரு கருத்தியற் போர்வை என்று கூறுவது மடமை. அவனுக்கு அது நிழல். விமர்சனம் அவனை நோக்கியதன்று.

ஆயினும் பசுமை என்ற சொல் எதையெல்லாம் மூடவல்லது என்பதற்கு அந்நாட்டு மலைகளே சான்று. யப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. அக்காட்டில் ஏறத்தாழ 40 வீதம் மனிதர் நட்டது. போருக்குப் பின் மரத்தேவை கருதி, பல்வகை மரக்காடுகள் வெட்டப்பட்டுச் சீடரையொத்த ‘சுகி’ மரமும் ‘ஹினோக்கி’ மரமும் வரிசை வரிசையாக நடப்பட்டன. பேரரசர் கலந்துகொள்ளும் தேசிய மரநடுகை விழா 1950இலிருந்து ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகின்றது. 1960களில் மர இறக்குமதி தாராளமாயிற்று. உள்நாட்டு மரத்தின் விலை சரிந்தது. நட்ட மரங்கள் வெட்டுவாரின்றி முதிர்ந்தன. இன்று இளவேனில்தோறும் அவற்றின் மகரந்தம் நகரங்களின்மேற் படிகின்றது. 2019ஆம் ஆண்டின் நாடளாவிய கணிப்பொன்றின்படி, பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் சுகி மகரந்த ஒவ்வாமையால் வருந்துவோர். 2023இல் அரசு, பத்தாண்டுகளில் அம்மகரந்தத்தின் ஊற்றாகிய சுகிக் காடுகளை 20 வீதம் குறைக்கத் திட்டம் வகுத்தது. தொலைவிலிருந்து நோக்கின் யாவும் பசுமை. அதனுள் விலைவாசியும் வணிக ஒப்பந்தமும் இறங்கி வேலைசெய்வதைச் சட்டத்தின் வாக்கியம் அறியாது.

இலக்கியம் அதனை அறிந்திருந்தது. தென்யப்பானின் மினமாத்தாவில், சிஸ்ஸோ நிறுவனத்தின் தொழிற்சாலை வெளியேற்றிய பாதரசச் சேர்வை கடலைக் கெடுத்து, மீனுண்ட மக்களின் நரம்புகளைச் சிதைத்தது. அந்நோய் 1956 மே 1ஆந் திகதி அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. காரணத்தை அரசு ஏற்றுக்கொள்ள 1968 வரை சென்றது. இஷிமுரே மிச்சிக்கோ 1969இல் வெளியிட்ட ‘குகாய் ஜோதோ’ என்ற நூல், மருத்துவ அறிக்கைகளையும் மீனவரின் பேச்சுமொழியையும் அருகருகே வைத்துச் செல்கின்றது. வாய் பேச முடியாதாரின் உள்ளத்துள் ஓடியிருக்கக்கூடிய பேச்சை அவர் எழுதினார். அது ஆவணமா புனைவா என விமர்சகர் இன்றும் வாதிடுவர். என்னைக் கவர்ந்தது வேறொன்று. அந்நூலின் கடல் மிக அழகியது. ஆயின் அவ்வழகை எடுத்துரைப்பவர் அதனாற் பிழைத்தவரும் அதனால் அழிந்தவருமே. நற்பயனுக்கு நன்றி கூறுவோரின் வாய்க்கு அவ்வழகு அகப்படாது. மீனவனுக்குக் கடல் தந்தது எது, கடலுக்கு மனிதன் தந்தது எது என்ற கணக்கு அங்கே ஒருங்கே வைக்கப்படுகின்றது. விடுமுறைச் சட்டத்தின் நான்கு இயற்கை வாக்கியங்களிலும் இக்கணக்கின் இரண்டாம் பக்கம் இல்லை.

மினமாத்தாவில் ஆண்டுதோறும் மே 1ஆந் திகதி இறந்தோரை நினைவுகூரும் கூட்டம் நடைபெறுகின்றது. அது பொன் வாரத்தின் நடுவே வருவது, விடுமுறையன்று. 2024ஆம் ஆண்டில் அக்கூட்டத்தின் பின்னர், சுற்றாடல் அமைச்சர் நோயுற்றோரின் அமைப்புகளைச் சந்தித்தார். பேசுவோருக்குத் தலைக்கு மூன்று நிமிடம். மறைந்த தம் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு முதியவர் அந்நேரத்தைக் கடந்தபோது, அமைச்சின் அலுவலர் ஒலிவாங்கியை நிறுத்தினர். மே 8இல் அமைச்சர் மீண்டும் மினமாத்தாவுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டின் பசுமை நாள் இவ்விரண்டு நாட்களுக்கும் நடுவே, ஒரு சனிக்கிழமையில் வந்து போயிற்று.